அக்காவிடம் கேளுங்கள்: வீட்டுக்குள்ளேயே கிடந்தால் கோபம் ஏன் போனில் வருகிறது?

வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர்கள் எழுதுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் கடிதமே இல்லை, வாய்ஸ் நோட்தான். அதிலும் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுநடுவே கொஞ்சம் ஜூலு. கேட்டு எழுதித் தமிழில் தந்திருக்கிறேன். யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும், எல்லாம் நம் தென்னாப்பிரிக்க ஊர்கள். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம் (முயல்வீர்கள், தெரியும்).

சாட்ஸ்வொர்த் வாசகர்: அக்கா, எனக்கு வயது 66. மனைவி தவறிவிட்டாள். லாக்டவுனில் வீட்டோடு இருந்து பழகியவன், அப்புறம் வெளியே போகவே தோன்றவில்லை. மகள் கேப் டவுனில், மகன் ஆஸ்திரேலியாவில். குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான் எனக்கு உலகம். ஆனால் அங்கே நான் எதைப் போட்டாலும் சண்டையில் முடிகிறது. தம்பி மகன் புதுக் கார் படம் போட்டான். "பழைய கார் கடன் அடைத்தாயிற்றா?" என்று கேட்டேன், விளையாட்டாகத்தான். தம்பி மனைவி இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. நான் கெட்டவனாகிவிட்டேனா?

கெட்டவராகவில்லை தம்பி, பட்டினி கிடக்கிறீர்கள். அழகுக்காக இப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவா, ரெபெக்கா சாக்ஸ் முதலானோர் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு நாள் 10 மணி நேரம் சாப்பாடு கிடையாது. இன்னொரு நாள் 10 மணி நேரம் ஓர் அறையில் தனியே, பேச்சுத்துணை இல்லை, போன் இல்லை. அப்புறம் ஸ்கேனில் படுக்கவைத்துப் படம் காட்டினார்கள். பட்டினி கிடந்த அன்று சாப்பாட்டுப் படத்தைக் கண்டு எழுந்துகொண்ட அதே நடுமூளைப் பகுதிதான், தனியே கிடந்த அன்று நாலு பேர் கூடிச் சிரிக்கும் படத்தைக் கண்டும் எழுந்துகொண்டது. பத்தே மணி நேரத்துக்கு இப்படி. நீங்கள் வருடக்கணக்கில் இருக்கிறீர்கள்.

பசிக்கிறவன் தட்டைப் பிடுங்குவான். யாராவது நம்மைக் கவனிக்க வேண்டும் என்ற பசி இருக்கும்போது "வாழ்த்துகள்" என்று ஒரு சொல் போட்டால் போதவில்லை, அதற்கு ஒரு கட்டைவிரல்தான் பதிலாக வரும். சீண்டினால் இருபது பதில் வருகிறது. இதை நீங்கள் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆனால் கை பழகிவிட்டது.

அடுத்தது, அந்த விளையாட்டு விளையாட்டாகப் போய்ச் சேரவில்லை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி என்ற உளவியலாளர்களும் அவர்களோடு இருந்தவர்களும் 2005-இல் இதை அளந்து பார்த்தார்கள். நான் கிண்டலாக எழுதியதா, நிஜமாக எழுதியதா என்று படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். ஈமெயிலில் படித்தவர்கள் கண்டுபிடித்தது 56 தடவை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் 50 வந்திருக்கும். அதே வாக்கியத்தைக் குரலில் கேட்டவர்கள் முக்கால்வாசி சரியாகச் சொன்னார்கள். உங்கள் மனைவி இருந்தபோது நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் பக்கத்திலிருந்து "அவருக்கு வேறு வேலை இல்லை, நீ காரைக் காட்டுடா" என்றிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை. எழுத்து மட்டும் மொட்டையாக நிற்கிறது.

என்ன செய்வது? தம்பி மனைவிக்குப் போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் நோட்டும் வேண்டாம், பேசுங்கள். "விளையாட்டாகச் சொன்னேன்" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டாவது சண்டை வரும், ஆகையால் "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, பையன் காரைக் கொண்டுவரச் சொல்லு, ஒரு ரவுண்டு போகலாம்" என்பதோடு நிறுத்துங்கள். அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசியில் முன்பு ஞாயிறுதோறும் துனிச் சீட்டு ஆடுவோம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதை நான் விடப்போவதில்லை. துனிக்கு நாலு பேர் வேண்டும். உங்கள் பழைய கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள், குறைந்தால் பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பனில் துனி தெரியாத நம் ஆள் உண்டா? அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டலாம், சீட்டு ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு. போனில் ஆடும் துனியை இதில் நான் சேர்க்கவில்லை.

லெனேசியா வாசகி: கோபத்தில் எழுதிய மெசேஜை அனுப்பலாமா, கூடாதா?

எழுதலாம். ஆனால் குரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள், விரல் தவறும். வேறெங்காவது எழுதி வையுங்கள், காலையில் டீ குடித்த பிறகும் அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு அழிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்தால் மொத்தக் குடும்பமும் ஒருவருக்கொருவர் போன் போட்டு என்னவாக இருக்கும் என்று யோசிப்பார்கள். அவர்கள் கற்பனை செய்வது நீங்கள் எழுதியதை விட மோசமாக இருக்கும்.

பீனிக்ஸ் வாசகி: அம்மாவுக்கு 72. தெருப் பாதுகாப்புக் குரூப் மூன்றில் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறார். யார் வீட்டில் திருடன் வந்தான், எங்கே காரை மறித்தார்கள் என்பதையெல்லாம் எங்களுக்கு ஃபார்வர்டு செய்கிறார். கேட் வரைகூட வருவதில்லை. ஆடியில் கூழ் ஊற்றும் பூசைக்கே வரவில்லை. போனை வாங்கி வைத்தேன், அழுதுவிட்டார்.

முதலில் போனைத் திருப்பிக் கொடுங்கள். வெளியே போகாத ஒருவரிடமிருந்து போனையும் பிடுங்கினால் அவருக்கு மிச்சம் சுவர்தான்.

அவருடைய பயத்தைக் கற்பனை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2021 ஜூலையில் பீனிக்ஸில் இருந்தவர் அவர். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜுமா சிறைக்குப் போனதும் தொடங்கிய கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். பீனிக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் மட்டும் 36 பேர். கடைகள் எரிந்தன, போலீஸ் கண்ணில் படவில்லை, தெருமுனையில் ஆண்கள் வழியை அடைத்துக்கொண்டு காவல் நின்றார்கள், உள்ளே பெண்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் திரண்டு வருகிறார்கள் என்று ஒரு குரல் பதறும், கேட்டவர் அதை அடுத்த குரூப்புக்குத் தள்ளுவார். எது உண்மை, எது புளுகு என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், நம் தெருக்களின் வழியே போனவர்கள். நம் வீடுகளில் அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். இதைச் சொன்னதற்கு யாருக்காவது கோபம் வந்தால் எனக்கு எழுதுங்கள், படிக்கிறேன்.

சரி, உங்கள் அம்மா விஷயம். பாதுகாப்புக் குரூப்பில் ஒரு கோளாறு இருக்கிறது, அது யார் தப்பும் இல்லை. "இன்று எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை, ஐஸ்கிரீம் வண்டி வந்தது, பசங்க விளையாடினார்கள்" என்று அதில் யாரும் எழுதுவதில்லை. கெட்டது நடந்தால்தான் மெசேஜ். தினமும் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறவருக்கு இரண்டும் தெரியும், குரூப்பில் வந்ததையும் படிப்பார், வெயிலில் துணி காய்வதையும் பார்ப்பார், மனது தானே ஈடுகட்டிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு ஊர் என்றால் அந்தக் குரூப் மட்டும்தான். பயந்து உள்ளே இருக்கிறார், உள்ளே இருப்பதால் குரூப்பையே பார்க்கிறார், பார்ப்பதால் பயம் கூடுகிறது. வயதானவர்கள் மட்டும் இல்லை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர்களிடமும் இதையே பார்க்கிறேன்.

மூன்று குரூப்பை ஒன்றாக்குங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்யட்டும். ராத்திரிக்கு அந்தக் குரூப்பின் சத்தத்தை நிறுத்தி வையுங்கள், அவசரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நேராகப் போன் செய்வார் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அதை அம்மா முன்னாலேயே பேசுங்கள். ஃபார்வர்டு செய்யும் முன் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பலமுறை கைமாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப்பே அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பவிடுகிறது. அவர்களுக்கே பயம் வந்ததால்தானே?

கூழ் பூசை அடுத்த வருடம் பார்க்கலாம். இந்த வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு கேட் வரை நீங்களும் அவருமாகப் போய் நில்லுங்கள், எதிர்வீட்டு அம்மாவோடு இரண்டு வார்த்தை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நேரம் தள்ளிப்போட வேண்டாம். கேட்டைப் பூட்டுவதும் பார்த்துத் திறப்பதும் இந்த ஊரில் புத்திசாலித்தனம், அதை யாரும் குறை சொல்ல முடியாது.

டோங்காட் வாசகர்: எங்கள் தலைமுறை நிறவெறி அரசின் வீட்டுச் சிறையைப் பார்த்தது, ராபன் தீவுச் சிறையைப் பார்த்தது. இப்போதுள்ளவர்கள் ஃபிரிட்ஜும் இன்டர்நெட்டும் வைத்துக்கொண்டு 35 நாள் வீட்டில் இருந்ததற்கு இத்தனை வருடம் புலம்புகிறார்களே, வெட்கமாக இல்லையா?

ஐயா, 35 நாள் கணக்கு சரி. 2020 மார்ச் 27-இலிருந்து ஏப்ரல் 30 வரை நாய்க்குட்டியைக்கூட நடத்திக்கொண்டு போக முடியாது. மே மாதம் காலை 6 முதல் 9 வரை நடக்க விட்டார்கள். சிகரெட்டுக்கு ஆகஸ்ட் வரை தடை, அந்த மாதங்களில் பல வீடுகளில் நடந்த சண்டைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த 35 நாளுக்காக இங்கே யாரும் புலம்பவில்லை. அது முடிந்த பிறகும் வெளியே வராதவர்கள்தான் எழுதுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரம் இல்லாத க்ரூட்வில்லில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலியை அடைத்து வைத்தார்கள். 1961-இல் நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போவதற்கே அரசு தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. தடை உத்தரவு வாங்கியவர்கள் கூட்டத்துக்குப் போகக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது, அவர்கள் சொன்னதைப் பத்திரிகையில் போடக் கூடாது. அடைத்தது யார், எதற்காக என்று அவர்களுக்குத் தெரியும். கோபத்தை எங்கே வைப்பது என்ற குழப்பம் இல்லை. வீட்டில் தானாக முடங்கியவருக்கு அப்படி ஒரு எதிரி கிடையாது. அதனால் கோபம் மைத்துனர் மேலும், ஃபேஸ்புக்கில் முகம் தெரியாதவர் மேலும் போய் விழுகிறது.

அவர்கள் அத்தனையும் சிரித்துக்கொண்டே தாங்கினார்கள் என்பதும் நாம் கட்டிய கதை. நம் டர்பன்காரர் சாத்ஸ் கூப்பர், ராபன் தீவில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவர். வெளியே வந்து என்ன ஆனார் தெரியுமா? உளவியலாளர். 2012-இலிருந்து 2016 வரை சர்வதேச உளவியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார். சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர் மனதின் வலியைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை, அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். நீங்களும் உங்கள் பேரனிடம் வெட்கமாக இல்லையா என்று கேட்பதற்குப் பதில் அந்தக் காலத்துக் கதையை நேரில் போய்ச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் நல்லது.

மிட்ராண்ட் வாசகி: மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்றரை வருடம். வேலை பார்க்க விசா இடம் தராது, கார் ஓட்டத் தெரியாது. காம்ப்ளெக்ஸ் கேட்டைத் தாண்டி நடக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாள் முழுக்க போன்தான். ராத்திரி சமைத்துப் படம் போட்டால் ஊரில் இருக்கும் தோழிகள் யாரும் லைக் போடுவதில்லை. மெசேஜ் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறார்கள். என்னை மறந்துவிட்டார்களா? இருவரை பிளாக் செய்துவிட்டேன்.

நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குப் படம் போடும்போது மதுரையில் பதினொன்றரை, அம்மா! மூன்றரை மணி நேரம் அவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் உங்கள் தோசையைப் பார்ப்பார்கள், நீலக் குறி விழும், பதில் போட மறந்துபோகும். அந்த நேரத்தில் நீங்கள் இங்கே தூக்கத்தில் இருப்பீர்கள், எழுந்ததும் அந்த நீலக் குறியைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

தனிமை நீளும்போது மனது எதையும் புறக்கணிப்பாகவே படிக்க ஆரம்பிக்கும். சிகாகோவில் ஜான் கசியோப்போ என்பவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இதை ஆராய்வதிலேயே கழித்தார். கூட்டத்திலிருந்து பிரிந்தவனுக்கு ஆபத்து அதிகம், ஆகையால் தனியாக இருப்பவரின் மூளை எந்நேரமும் யார் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று காவல் காக்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்தக் காவலில்தான் நீங்கள் இரண்டு தோழிகளை வெளியே தள்ளிவிட்டீர்கள். பிளாக்கை எடுங்கள். அவர்கள் கவனிக்கக்கூட இல்லாமல் இருந்திருக்கலாம், அப்படியென்றால் நல்லதுதான். பேசுவதை உங்கள் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மதியம் ஒன்றரை, சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் மதுரைத் தோழிகளால் மிட்ராண்ட் தனிமையைத் தீர்க்க முடியாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இதை உங்கள் கணவர் படிக்கிறார் என்றால் அவருக்கும் சொல்கிறேன்: இந்த நாட்டில் வண்டி ஓட்டத் தெரியாமல் ஒரு பெண்ணை காம்ப்ளெக்ஸில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. அதுவரை மிட்ராண்டில் ஹௌட்ரெயின் ரயிலில் ஏறினால் ரோஸ்பேங்க், அங்கிருந்து மெல்ரோஸ் முருகன் கோயில் கொஞ்ச தூரம்தான். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கோயில், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் இடம். இங்கேயே ஐந்து தலைமுறையாக இருப்பவர்கள் உங்கள் தமிழைக் கேட்க ஆசைப்படுவார்கள், நீங்கள் அவர்களுடைய இங்கிலீஷைப் பழகிக்கொள்ளலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை. அவள் முன் அறை, நான் பின் அறை. இப்போதெல்லாம் சண்டைகூட மெசேஜில்தான் போடுகிறோம். "ரைஸ் குக்கரை ஆன் செய்யச் சொன்னேனே" என்று ஆரம்பித்து என் அம்மா வரை போய்விடுகிறது. சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை (கொஞ்சம்). அன்டார்டிகாவில் நம் நாட்டுக்கு சனே-4 என்று ஒரு நிலையம் இருக்கிறது, கேப் டவுனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். பத்துப் பேர் போல ஒரு குழு குளிர்காலம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும், கப்பல் வரும் வரை வெளியேற முடியாது. போவதற்கு முன் மனநலப் பரிசோதனை எல்லாம் உண்டு. 2025 மார்ச்சில் அங்கே ஒருவர் குழுத் தலைவரைத் தாக்கியதாகப் புகார் வந்து உலகச் செய்தியானது. எதில் தொடங்கியது என்று அமைச்சர் சொன்னார் தெரியுமா? வானிலையைப் பார்த்துச் செய்ய வேண்டிய ஒரு வேலை, அதற்காக அட்டவணையை மாற்றினார்கள். அவ்வளவுதான். தேர்ந்தெடுத்து, சோதித்து அனுப்பியவர்களுக்கே இப்படி என்றால் ரைஸ் குக்கருக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அங்கே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், உங்கள் வீட்டில் வாசல் இருக்கிறது. வேலை முடிந்ததும் இருவரில் ஒருவர் அரை மணி நேரமாவது வெளியே போய் வாருங்கள், சேர்ந்து இல்லை, தனித்தனியாக. நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் சாயங்காலம் ஒருவரிடம் ஒருவர் சொல்ல ஒன்றுமே இருப்பதில்லை, வெளியே போய் வந்தால் கடையில் யாரைப் பார்த்தோம் என்றாவது சொல்லலாம். வீட்டுக்குள் மெசேஜ் என்றால் கூரியர் வந்திருக்கிறது, மீட்டிங்கில் இருக்கிறேன் என்பதற்கு மட்டும். மற்றதற்கு எழுந்து நடந்து அடுத்த அறைக்குப் போங்கள். போவதற்குள் பாதிக் கோபம் சோம்பலாகிவிடும்.

டர்பன் கல்லூரி மாணவர்: அக்கா, ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் கேம். விடிகாலை நாலு மணிக்குப் படுத்து மதியம் எழுகிறேன். கேமில் கெட்ட வார்த்தை பேசுகிறேன் என்று இரண்டு தடவை தடை செய்துவிட்டார்கள். நேரில் நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நம்புகிறேன். மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேரை 520 நாள் ஒரு போலி விண்கலத்துக்குள் பூட்டிவைத்து, செவ்வாய்க்குப் போய் வருவதை ஒத்திகை பார்த்தார்கள். நாளாக ஆக அவர்கள் அசைவது குறைந்தது, பலருக்குத் தூக்கம் குலைந்தது. ஜன்னல் இல்லை, காலை வெளிச்சம் இல்லை, உடம்புக்கு மணி தெரியவில்லை. உனக்கு ஜன்னல் இருக்கிறது, திரையைத்தான் மூடி வைத்திருக்கிறாய். படுக்கும் நேரத்தை மாற்றப் போராடாதே, எழும் நேரத்தைப் பிடி. எட்டு மணிக்கு எழுந்து வெயிலில் போய் நில், கொஞ்ச நாளில் தூக்கம் தானே முன்னால் வரும். அப்புறம், விடிகாலை மூன்று மணிக்குக் கேமில் எதிரே இருப்பவனும் தூங்காமல் எரிச்சலோடு இருப்பவன்தான். இரண்டு தூக்கமில்லாதவர்கள் பேசினால் வேறென்ன வரும்?

ஊர் பெயர் வேண்டாம் என்றவர்: எல்லோரையும் பிளாக் செய்துவிட்டேன். விடைபெறுவது போல ஒரு ஸ்டேட்டஸ் எழுதி வைத்திருக்கிறேன், போடவில்லை. போட்டால் யாராவது கேட்பார்களா என்று பார்க்கலாம் போல இருக்கிறது.

நான் கேட்கிறேன். உங்கள் எண்ணுக்கு ஏற்கனவே பதில் அனுப்பியிருக்கிறேன், இதழ் வரும் வரை காத்திருக்கவில்லை. இங்கே எழுதுவது உங்களைப் போல இன்னும் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகவும். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற அமைப்பு, சாடாக் என்பார்கள், அவர்களுடைய தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. கூப்பிடக் காசு ஆகாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அது உங்கள் குணம் இல்லை, நோய். கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

மற்றவர்களுக்கு: யாராவது இப்படி ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் கீழே கைகூப்பும் படம் போட்டுவிட்டு நகராதீர்கள். போன் செய்து நேராகவே கேளுங்கள், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இசிப்பிங்கோ வாசகி: கோயில் பூசை இப்போது லைவில் வருகிறது. வீட்டிலிருந்தே பார்த்தால் போதாதா? கீழே கமென்ட்டில் நம் ஆட்கள் போடும் சண்டையைப் பார்த்தால் சாமியே எழுந்து போய்விடும் போல இருக்கிறது.

2020 ஏப்ரல் 10, புனித வெள்ளி. உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வழக்கமாக ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் நாள், அன்று எந்தக் கோயிலிலும் கூட முடியவில்லை. அப்போது லைவ் பெரிய ஆறுதல். இப்போதும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் துணையில்லாமல் வர முடியாதவர்களுக்கும் அதுதான் கோயில், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

சண்டைக்கு வருகிறேன். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-லேயே எழுதிவிட்டார்: முகம் தெரியவில்லை, எதிராளி உடனே பதில் சொல்வதில்லை, யார் பெரியவர் யார் சின்னவர் என்பதும் தெரிவதில்லை, ஆகவே நேரில் சொல்லாததை எல்லாம் சொல்லிவிடுகிறோம். நல்லதும் அப்படி வரும், மனம் திறந்து அழுகிறவர்களும் உண்டு. ஆனால் கோயிலுக்கு நேரில் வந்த யாரும் பூசாரி பக்கத்தில் போய் உங்கள் உச்சரிப்பு சரியில்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை, லைவில் பத்துப் பேர் எழுதுகிறார்கள். தினமும் எழுதுகிறவர்கள் யார் என்று கோயில் கமிட்டிக்குத் தெரியும். அவர்களை நீக்குவதற்கு முன்னால் ஒருவர் போன் செய்து, வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பினால் வருவீர்களா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் வருவார்கள். வந்தால் அன்னதானத்தில் பரிமாற நிறுத்துங்கள், கையில் கரண்டி இருந்தால் கமென்ட் போட முடியாது.